கொக்கி

முதலில் சிங்கம் வரைந்து தந்தான் தவநேசன்.
சிறகு முளைத்த சிங்கம்,
வாயில் சங்கிலி.
செந்தூல் முழுக்கச் சிங்கங்கள்தாம், என்றாள் லோகேஸ்.
டயர்க்கடையில் ஒன்று, காப்புறுதி ஏஜெண்டிடம் ஒன்று.
எங்கள் லோரியோ
பழுதான கார்களை இழுப்பது,
உறுமுவதில்லை.

வேல் வைக்கலாமே என்றார் கடன் கொடுத்தவர்.
பஞ்சர் ஆக்குகிற கம்பெனி என்று நினைப்பார்கள், என்றேன்.

பிறகு எழுத்துகள். மூன்று மொழி, நான்கு நிறம்.
ரசீது இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தோம்:
நசுங்கிய கரப்பான் ஒன்று
கறுப்பாய் வெளியே வந்தது.

முந்நூறு வெள்ளி போனது.

ஒரு மழை மாலை
லோரிக் கதவில் எல்லாத் தாளையும் ஒட்டிவிட்டு
ஜாலான் ஈப்போவின் எதிர்ப்புறம் போய் நின்றேன்,
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி.
நெடுஞ்சாலை ஓரம் நடுங்கி நிற்பவர்
இப்படித்தானே பார்ப்பார்?
சிங்கம் கரைந்தது. எழுத்தும் கரைந்தது.
மஞ்சள் அட்டையில்
மார்க்கர் பேனாவால் லோகேஸ் கிறுக்கிய
ஒற்றைக் கொக்கி மட்டும்
அங்கேயே இருந்தது.

அதையே அடித்தோம்.

முதல் அழைப்பு, இரவு இரண்டே கால்.
"அந்தக் காது போட்ட லோரிதானே?"
மலாயில் ஒரு பெண்குரல்,
பின்னால் குழந்தையின் அழுகை.
மறுவாரம் கெப்போங்கிலிருந்து ஒரு சீனக் கிழவர்,
அவருக்கும் காதுதான்.

கொக்கி என்று திருத்த வாயெடுத்தேன்.
லோகேஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள்:
"ஆமாம், காதுதான்.
எங்கே நிற்கிறீர்கள், சொல்லுங்கள்."