பராமரிப்பு நிலை

கிலிகுராவில் அதிகாலை மூன்று ஐந்து.
ஏழாம் எந்திரத்தின் நினைவுப் பட்டையில்
ஒரு பிட் அடிக்கடி புரண்டு படுக்கிறது.
இதுவரை தானே திருத்திக்கொண்டது.
இனி முடியாதென்று
சிவப்பில் எழுதிவிட்டது.

குளிர்காற்று வரும் சந்துக்கும் வெப்பம் போகும் சந்துக்கும் நடுவில் யஸ்னா.
ஒரு காது உறைகிறது, ஒரு காது வேகிறது.

ஏழுக்குள் முப்பத்தொரு குடித்தனம்.
ஒரு பல் மருத்துவரின் நேரப் பதிவு.
மருந்துக்கடைகள் நாற்பதின் கல்லா.
ஏதோ நகராட்சியின் கல்லறைக் கணக்கு.
எட்டுச் செயலி, எனக்கென்று ஒரு வட்டு,
வீடு முழுக்க எனக்கே என்று
ஒவ்வொன்றும் நம்புகிறது.
ஹைப்பர்வைசர் யாரையும் மறுத்துப் பேசாது.
எல்லாரும் ஒரே நேரத்தில் புரளமாட்டார்கள்
என்ற தைரியத்தில்
ஒரே பாயை எல்லாருக்கும் விரித்துப் பிழைக்கிறது.

வெளியேற்று, என்று அழுத்துகிறாள்.

நினைவு பக்கம் பக்கமாக எட்டுக்கும் ஒன்பதுக்கும் போகிறது.
போகும்போதே மாறிய பக்கங்கள் மறுபடி போகின்றன.
அரை இமைப்பு நின்று
அந்தப் பக்கம் மூச்சு வருகிறது.
வட்டுகள் அசைவதில்லை;
எந்த வீட்டுக்குப் போனாலும் சேமிப்புக் கிணறு பொது.
மெய்நிகர் சுவிட்ச் புதிய வாசலில் நின்று
பழைய முகவரியையே கூவுகிறது.
தெமுகோவில் பல்வலியோடு விழித்திருப்பவன்
வியாழன் காலையைத் தேர்ந்தெடுக்கிறான்,
ஒன்றும் அறியாமல்.

கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர்கள்
பழைய உடலுக்குக் காவல் வைத்துப் போனார்களாம்.
இங்கே ஸ்க்ரூடிரைவரோடு யஸ்னா.

முப்பது போயாயிற்று. ஒன்று கிளம்பவில்லை.

பெயர்: சோதனை-இரண்டு.
பொதுக் கிணற்றுக்கு வராமல்
ஏழின் சொந்த வட்டிலேயே குடியிருப்பது.
உரிமையாளர்: காலி.
தொடர்புக்கு: ஓசியேல் வென்சுமில்.
அவன் வேலையை விட்டு ஆறு வருஷம்.

உள்ளே பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருந்த சதுப்பில்
ஓர் அளவுகோலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது:
தண்ணீர் எவ்வளவு?
பதில் இல்லை.
பதில் இல்லை.
மேலே, மிக மேலே உருட்டினால்
ஒரு பிப்ரவரியில்: நான்கு சென்டிமீட்டர்.

அழைத்தாள். அவனும் எங்கோ இரவுப் பணிதான்.
"இன்னும் கேட்குதா அது?"
பிறகு ஒரு மௌனம்,
முப்பது பேர் குடிமாறியதைவிட நீளமாக.
"அங்க மழையா?"
ஜன்னல் இல்லாத கூடம். தெரியாது என்றாள்.

அணைத்தாள். வட்டை எடுத்துக் கிணற்றில் வைத்தாள்.
பன்னிரண்டு நிமிஷம்.
ஒன்பதில் எழுப்பியதும்
விட்ட இடத்திலிருந்து கேட்டது.

பட்டையைக் கழற்றினாள். விரல்நீளம், லேசான சூடு.
புதியது 'டக்'கென்று உட்கார்ந்தது.
ஏழின் நாடித்துடிப்பு
மற்றவற்றுக்குக் கேட்கத் தொடங்க,
பாரம் தானாக ஒவ்வொன்றாய்த் திரும்புகிறது.

படிவத்தில், பாதிப்பு: பன்னிரண்டு நிமிஷம்.
யாருக்கு?
அதை அப்படியே விட்டுவிட்டு
இரண்டு அட்டைக் கதவுகளையும் தாண்டி
வெளியே வந்து கையை நீட்டுகிறாள்.

ஈரம்தான்.
மழையா,
கூரைமேல் குளிர்விக்கும் கோபுரத்தின் தூவலா,
இருட்டில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.