எந்தக் கை

சாட்ஸ்வொர்த் கிளினிக். ஜூலை.
டர்பன்காரர்கள் குளிரென்று சொல்லிக்கொள்ளும் குளிர்.
நாலாவது டோக்கன், தயாநாயகி பெருமாள்,
அறுபத்தாறு வயது, ஆஸ்துமா.
ஃப்ளூ ஊசி "வேண்டாம்" என்றார்,
கைப்பையை மார்போடு அணைத்தபடி.

நான் சதவீதம் சொன்னேன்.
ஆபத்து இவ்வளவு, ஊசி தடுப்பது இவ்வளவு,
வண்ணத்தாளில் அம்புக்குறிகளோடு.
தாளை அழகாக நாலாய் மடித்தார்.
அதே வேண்டாமை
இன்னும் மரியாதையாகச் சொன்னார்.

பக்கத்து அறையிலிருந்து லெங்கிவே எட்டிப் பார்த்தாள்:
"நம்பரை விடு, சிஸ்டர். நாற்காலியை இழு."

இழுத்தேன்.
ஊசித் தட்டைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தினேன்.
அப்புறம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.
"முதல் ஊசி உங்களுக்கு யார் போட்டது?"
வாயில் வந்ததைக் கேட்டேன்.

எங்கள் இருவர் தமிழும் அரைகுறை.
ஆங்கிலத்துக்கு நடுவே
ஊசி என்ற ஒரு சொல் மட்டும்
அவரிடம் துருப்பிடிக்காமல் இருந்தது.

ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலை. எழுபத்தொன்பது.
காலர் தைக்கிற வரிசை.
கல்யாணமாகி எட்டு மாதம்.
மணியடித்ததும் பெண்களை மட்டும் நிறுத்தி
ஒரு வெள்ளைக்கார நர்ஸ்,
இடது கை,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
சத்து ஊசி என்றார்களாம்.
பெயர் கேட்டவளுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை.

பிள்ளை இல்லை என்று அவர் சொல்லவில்லை.
படிவத்தில்
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில்
பக்கத்து வீட்டுக்காரியின் எண் இருந்தது.

"இது அது இல்லை" என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவர்களும் அப்படித்தானே தொடங்கியிருப்பார்கள்.

அன்று ஊசி போடவில்லை.
மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தேன்.
மடித்த தாளைப் பிரித்து
ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதிக்கொண்டார்,
காலாவதித் தேதியையும்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.
அந்த வாரக் கணக்கில்
என் கட்டம் ஒன்று குறைந்தது.
மேலதிகாரி சிவப்பில் வட்டமிட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து
அதே தாள்; பின்பக்கம் ஏழு கேள்விகள்.
ஆறுக்குப் பதில் இருந்தது.
ஏழாவது:
"அன்றைக்கு எனக்குப் போட்டது என்ன?"

"தெரியாது, அக்கா.
தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றும்
எனக்குத் தெரியாது."

வெகுநேரம் என்னையே பார்த்தார்.
பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றினார்.
பழக்கத்தில் நான் இடப்பக்கம் போக,
"அந்தக் கை வேண்டாம்.
இதில் போடு.
பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டு."

சொன்னேன்.