பன்னிரண்டு கிலோ

கட்டைவிரல் மணிக்கட்டில் போய்ச் சேரும் மூட்டுக்குப்
பாடப்புத்தகத்தில் ஒரு நீளப் பெயர்.
சுருக்கினால் சி.எம்.சி.
வேலூரில் இதை யாரிடமும் சொல்ல முடியாது.
"சி.எம்.சி.யில வலி" என்றால்
"எந்த வார்டு?" என்பார்கள்.

நான் வேலை செய்வது தொரப்பாடியில்,
மருந்துக்கடைக்கு மேலே மாடியில்.
நான்கு கட்டில், மூன்று திரை,
மே மாதம் பார்த்து விடுப்பு எடுக்கும் ஒரு ஏ.சி.
கட்டில்களை ஆசாரி சாரின் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தார்.
சார் ஆறடி.
நான் பலகை போட்டு ஏறி நிற்கிறேன்.
"விரலால அழுத்தாதம்மா, உடம்பு எடையைப் போடு."
போடலாம் சார்,
இருந்தால்.

எட்டரைக்கு ஒரு தோள்.
அப்புறம் முழங்கால், முழங்கால், கழுத்து,
வாணியம்பாடி தோல்ஷாப்பில் முப்பது வருஷம் குனிந்த ஓர் இடுப்பு.
மால்டாவிலிருந்து மகனோடு வந்திருக்கும் அம்மாளுக்காக
மூன்று வங்காளச் சொல் வைத்திருக்கிறேன்:
பேத்தா, கோத்தாய், ஆர் எக்டு.
வலி. எங்கே. இன்னும் கொஞ்சம்.
இதற்கு மேல் எந்த மொழியும் எனக்குத் தேவைப்படவில்லை.

மதியம் டிபன் டப்பா திறக்கவில்லை.
துப்பட்டாவைச் சுற்றித் திருகினேன்,
மேசை விளிம்பில் தட்டினேன்.
ஃபர்ஹானாவிடம் நீட்டினால்
அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்,
நாற்காலியை விட்டு எழாமல்.
மேல்விஷாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
இது மூன்றாம் மாதம்.
சாருக்கு இன்னும் தெரியாது.
நேற்று தொண்ணூறு கிலோ ஆளைச்
சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியது அவள்தான்.
நான் கால் பக்கம் பிடித்தேன்.

அந்தத் தொண்ணூறு கிலோ, முனிரத்தினம்.
பள்ளிகொண்டா லாரி டிரைவர்.
தை மாதம் ஒரு காலையில்
வலது கை டம்ளரை விட்டுவிட்டது.
முதல்நாள் பிடிமானக் கருவியைக் கொடுத்தபோது
முள் அசையவேயில்லை.
அவர் முள்ளைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குப் பதினாலு.
கைதட்டினேன். தட்டியது வலித்தது.
"நீங்க ஒருவாட்டி அமுக்குங்க மேடம், பாக்கலாம்."
விளையாட்டுக்குத்தான்.
பன்னிரண்டில் நின்றது.
மறுபடி அழுத்தினேன். பதினொன்று.
கருவியில்தான் ஏதோ கோளாறு என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர்,
எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியும்.

மேசையில் கிடந்த டப்பாவை எடுத்து
நடுங்கும் வலது கையாலேயே,
இடது கையை வேண்டுமென்றே முதுகுக்குப் பின்னால் வைத்து,
நெஞ்சோடு அணைத்துத் திருகினார்.
நேரமெடுத்தது.
புளிசாதம், ஒரு அப்பளம் நொறுங்கிப்போய்.
அவர் அட்டையில் எழுதினேன்:
பிடிமானம் பதினாலு, நல்ல முன்னேற்றம்.
பன்னிரண்டை எழுத
என்னிடம் அட்டை இல்லை.

ஏழு மணிக்குக் காட்பாடி பஸ்.
இடது கையால் கம்பியைத் தொங்கிக்கொண்டு
பக்கத்தில் நிற்கிறவளின் தோள்பட்டை
ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.
பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"சி.எம்.சி. எறங்கு, சி.எம்.சி. எறங்கு!"
பாதிக் கூட்டம் இறங்குகிறது.
என்னுடையது
என்னோடு காட்பாடி வரைக்கும் வருகிறது.