அறுபத்திரண்டு

கட்டபெட்டு தாண்டி ஒரு தேயிலைத் தொழிற்சாலை, அதன் மாடி.
நான்கு வாட்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம்.
மேலே பச்சை இலை, அடியில் விசிறியின் இரைச்சல்.
மூன்றாம் தொட்டியின் தூணில்
நான் திருகிவைத்த பெட்டி,
சோப்பு டப்பா அளவு. அதற்குள்
நகம் அளவு சில்லு. அதற்குள்
முழுசாக ஒரு சர்வர்.

போஜன் முதலாளி நம்பவில்லை.
“சர்வர்னா ஏசி ரூம் வேணும்பாங்களே?”
இங்கே குளிருக்கா பஞ்சம் என்றேன்.

இரண்டு வேலை கொடுத்திருந்தேன் அதற்கு.
எழுதி வைத்ததை எடுத்துக் கொடுப்பது ஒன்று:
பக்கம், பக்கத்தின் நிறம்,
முதலாளி அடம்பிடித்துக் கேட்ட
இரண்டு இலையும் மொட்டும் போட்ட சின்னம்.
மற்றது, கேட்கிற நொடியில் எழுதுவது:
தொட்டியிலிருக்கும் இலையின் ஈரம்.
அது எந்த அலமாரியிலும் இல்லை.
கேட்டால் உண்டு.
கேட்காதவரை வெறும் காற்று.

சின்னம்தான் தொல்லை.
நினைவகம் கைப்பிடி, படமோ ஒரு கோணி.
ஆயிரம் ஆயிரம் பைட்டாகக் கிள்ளிக் கிள்ளி அனுப்பும்.
அது போய் முடியும்வரை
ஈரம் வரிசையில் நிற்கும்,
ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நிற்பதுபோல.
படத்தைச் சுருக்கினேன். மொட்டு லேசாக மங்கியது.
யாரும் கவனிக்கவில்லை.

மூன்று இரவு ஒழுங்காக ஓடியது.
கீழே ஆபீஸ் கட்டிலில் கம்பளிக்குள் படுத்து
போனில் பார்ப்பேன்: அறுபத்திரண்டு.
இரண்டு மணிக்கு அறுபத்திரண்டு.
ஜன்னலில் பனி வழிந்தபோதும் அறுபத்திரண்டு.
எவ்வளவு நிலையான இலை என்று
எனக்கே பெருமை.

நான்காம் நாள் காலை
தொட்டியின் தகரத்தில் சாக்பீஸ் எழுத்து:

கிராம் 970. 940. 915.
பொட்டி 62. 62. 62.
இராசமலர், நைட் ஷிஃப்ட்.

ஒரு கிலோ இலையை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு
மணிக்கொருதரம் தராசில் வைத்திருக்கிறாள்.
கணக்குப் போட்டேன். எழுபத்தாறு.
எழுபத்தாறு சதவீத ஈரத்தை
என் பேச்சைக் கேட்டு
ரோலருக்கு அனுப்பியிருக்கிறார்கள், மூன்று நாள்.
கூழாகப் போன தூளின் விலையை
முதலாளி இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

தேடியதில் கிடைத்தது.
கோவைப் பட்டறையில், உணரி வந்துசேராத ஒரு மத்தியானம்,
‘ஈரம்’ என்ற பெயரில் ஒரு கோப்பு செய்து
உள்ளே 62 என்று எழுதியிருந்தேன், சும்மா ஒத்திகைக்கு.
அது அலமாரியிலேயே தங்கி
மலை ஏறி வந்திருக்கிறது.
சர்வருக்கு நான் சொன்ன வரிசையும் அப்படி:
முதலில் அலமாரியில் பார்,
இல்லையென்றால் மட்டும் உணரியைக் கேள்.
பார்த்தது. இருந்தது. கொடுத்தது.
‘இருநூறு, எல்லாம் சரி’ என்ற முத்திரையோடு.
யார் பொய் சொன்னார்கள் இதில்?
உணரி மூன்று இரவும் விழித்தேதான் இருந்தது.
அதனிடம் யாரும் போகவில்லை.

கோப்பை அழித்தேன். வரிசையைத் திருப்பினேன்.
சின்னத்தை வருஷம் முழுக்க வைத்துக்கொள்,
ஈரத்தை ஒரு நொடிகூட வைத்துக்கொள்ளாதே என்று
பிரவுசருக்கு இரண்டு வரி எழுதினேன்.

அன்று இரவு மாடிக்குப் போனேன்.
“இப்ப என்ன காட்டுது?”
எழுபத்து மூன்று.
அவள் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
கதவைத் திறந்து யாரோ உள்ளே வர
கூடவே மூடுபனியும் வந்தது.
எழுபத்து நான்கு என்றது பெட்டி.
“ம்” என்றாள்.

ஊருக்குக் கிளம்புமுன்
பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன், ‘தராசு’ என்று.
இராசமலர் எடைபோட்டால் நிரப்புவாள்.
லீவு போட்ட இரவில்
அது காலியாகவே இருக்கும்.
நேற்றைய எண்ணை எடுத்து வைக்காதபடி
மூன்று முறை சோதித்தேன்.