மூன்றாம் அத்தியாயம் ஏன் தாமதம்

பேராசிரியர் ஹால்வர்சன் அவர்களுக்கு,
மொக்கொட்லோங்கிலிருந்து மாபுலெங்.

லெசோத்தோ மலையில் ஜூலை என்றால் பனி.
நீங்கள் மினசோட்டாவில்
தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு
மாலை ஆறு மணிக்கு வகுப்பைத் திறக்கிறீர்கள்.
எனக்கு அப்போது இரவு ஒன்று.
மருந்துக் கிடங்கில் உட்கார்ந்திருப்பேன்,
தடுப்பூசிக் குளிர்பெட்டியின் பக்கத்தில்.
இந்த மாவட்டத்தில் மின்சாரம் போகாத இடம்
அது ஒன்றுதான்.
பெட்டி உறுமத் தொடங்கும்.
மைக்கை அணைக்கச் சொல்வீர்கள்.

போன மாதம் எல்லோரையும் கேட்டீர்கள்:
உங்கள் தலைமைப் பாணி எது?
ஓரிகான்காரர் தொலைநோக்கு என்றார்.
நைரோபிக்காரி சேவை என்றாள், அழகாகச் சொன்னாள்.
நான் வாயைத் திறந்தேன்.
பாதிச் சொல்லில், பல் தெரிய,
திரையில் உறைந்துபோனேனாம்.
வருகைப் பதிவில் என் பெயருக்கு நேரே இருந்தது:
தொடர்பு அறுந்தது.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு.
என் தரவு அட்டவணையின் கடைசிப் பத்தியே அது.
காசநோய் மாத்திரையைத் தொடங்கி
நடுவழியில் நின்றுபோனவர்கள்
இருநூற்றுப் பதின்மூன்று பேர்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
நெறிக்குழு அப்படித்தான் கேட்டது,
நானும் கையெழுத்திட்டேன்.

ஆனால் வயது ஐம்பத்திரண்டு,
அக்கரைச் சுரங்கத்தில் பத்தொன்பது வருடம்,
வீடு ஆற்றுக்கு அப்பால் என்றால்
எண் நூற்று நாற்பது யாரென்று
எங்கள் ஊர்க் கழுதைக்கும் தெரியும்.

குன்றின் உச்சியில், சிக்னல் எட்டும் பாறையருகே
போர்வைக்குள் நின்று டேட்டா அட்டை விற்கிறான்.
உங்கள் வகுப்புக்குள் நான் நுழைவதே
அவனிடம் வாங்கும் இரண்டு ஜிபியில்.
சில்லறையை எண்ணும்போது
முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமுவான்.
ஒவ்வொரு செவ்வாயும் அவனைப் பார்க்கிறேன்.
ஒவ்வொரு செவ்வாயும் என் அட்டவணையில்
அவன் காணாமல் போனவன்.

ஆய்வாளராகக் கேட்கக் கூடாது, தெரியும்.
கழுத்தில் அடையாள அட்டை தொங்க,
மாவட்ட சுகாதார அதிகாரியாகக் கேட்டேன்.
சிரித்தான்.
"அம்மா, உங்கள் மருத்துவமனை எட்டுக்குத் திறந்து
இரண்டுக்கு மூடுகிறது.
என் வியாபாரமும் எட்டிலிருந்து இரண்டுவரைதான்.
அதோடு அந்தச் சிவப்புப் பலகை,
அதன் கீழே வரிசையில் நின்றால்
மறுநாள் என்னிடம் யார் அட்டை வாங்குவார்கள்?"

எண்பது கட்டுரை படித்திருக்கிறேன்.
மறதி என்றது ஒன்று. வறுமை என்றன பல.
கல்வியறிவின்மை என்று ஒன்று,
அதை எழுதியவரைக் குன்றேற்ற வேண்டும்.
எதிலும் கடிகாரம் இல்லை.
என் கேள்வித்தாளிலும்தான் இல்லை.

அன்று மாலையே பலகையைக் கழற்றச் சொன்னேன்.
காவலாளி ஆணிக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான்.
செவ்வாய்தோறும் விடியலில்
ஒரு தாதி மாத்திரைப் பையோடு குன்றுக்குப் போகிறாள்.
குளிருக்குத் தனிப்படி இல்லை,
இரண்டு முறை சண்டை போட்டுவிட்டாள்,
நியாயம் அவள் பக்கம்.

நீங்கள் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்.
அளக்க வந்தவள்
அளந்துகொண்டிருக்கும்போதே பொருளை மாற்றிவிட்டேன்.
முறையியல் அத்தியாயம் உடைந்துவிட்டது.
ஒப்பீட்டுக் குழு என்று நான் வைத்திருந்த இரு கிராமங்களும்
இப்போது அதே குன்றுக்கு ஏறி வருகின்றன.
வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.
ஆய்வு சுத்தமாக இருந்திருக்கும்.

ஆகவே மூன்று வாரம் அவகாசம் வேண்டும்.
தலைமைப் பாணி கேள்விக்கான பதிலையும்
அதற்குள் அனுப்பப் பார்க்கிறேன்,
இன்னும் சரியாக வரவில்லை.

நூற்று நாற்பதின் சளிக் குப்பி
திங்கட்கிழமை குதிரையில் கீழே போனது,
பனியில் மோட்டார் சைக்கிள் ஏறாது.
முடிவு வரவில்லை.
அவன் இருமல் அப்படியே இருக்கிறது.
நேற்றிலிருந்து நான் முகக்கவசம் கொடுத்துப் போட்டிருக்கிறான்,
விலை சொல்லும்போது மட்டும்
கீழே இறக்கிவிடுகிறான்.

டேட்டா தீரப்போகிறது. மீதியை