வளையம் விழாத தட்டு

காலை எட்டரைக்கு இன்குபேட்டரைத் திறந்தேன்.
முப்பத்தேழு டிகிரி வெக்கையில் ராத்திரி முழுக்க
வளர்ந்திருந்தது ஒரு கால்புண்.

மருந்து ஊறிய பன்னிரண்டு காகித வட்டுகள்,
முந்தின மாலை நான் வைத்தவை.
கேட்கிற மருந்தென்றால் கிருமி விலகி நிற்கும்,
சுற்றிலும் தெளிவாய் ஒரு வளையம் விழும்.
ஸ்கேல் வைத்து அளப்பேன்: இருபத்திரண்டு, பத்தொன்பது.
அன்றைக்கு ஸ்கேலுக்கு வேலை இல்லை.
ஒவ்வொரு வட்டின் விளிம்பு வரைக்கும்
முட்டி முட்டி மேய்ந்திருந்தது.

படிவத்தில் நம்புச்செல்வி, நாற்பத்தொன்று,
சின்னப்பாலம், பாம்பன்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தார்கள்.
வார்டுக்குப் போய்க் கேட்டேன்.
"பாசி எடுக்கிறவ" என்றாள்.

விரலுக்குத் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
காலுக்கு அலுமினியத் தகடு வெட்டிக் கட்டி
மூச்சடக்கி முங்குகிறவள்.
தகடு நழுவிய ஒரு நாள்
பவளப்பாறை பாதத்தைக் கீறியது.
கடத்தண்ணியே ஆத்திரும் என்று ஒரு வாரம்.
பிறகு மெடிக்கலில் நாலு மாத்திரை,
சிவப்பும் கறுப்புமாய், தாளில் மடித்து, சீட்டில்லாமல்.
ரெண்டு போட்டதும் வலி விட்டது.
மிச்சம் ரெண்டு மகனின் இருமலுக்கு.
மறுபடி வீங்கியது. மறுபடி நாலு, வேற கலர்.
அப்புறம் ஒரு ஊசி.
அப்புறம் வேறொரு கடை.

அவளை நான் குறை சொல்லப் போவதில்லை.
என் மேசை இழுப்பறையிலும் பாதி அட்டை கிடக்கிறது,
பல்வலிக்கு வாங்கியது,
ஐந்து நாள் என்றதை ரெண்டு நாளில் நிறுத்தியது.
இறால் குட்டையில் தீவனத்தோடு கொட்டுகிறார்களே,
அதற்கு யார் எழுதிய சீட்டு?
கிருமி யாரையும் விசாரிப்பதில்லை.
எதில் பிழைத்ததோ அதை
எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

டாக்டர் ஜுலைகா போனில் கேட்டார்,
"ஒண்ணுகூடவா?"
"ஒண்ணுகூட இல்ல மேடம்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
"கொலிஸ்டின் கேக்குதான்னு பாக்கணும்.
மதுரைக்கு அனுப்பிருங்க."

சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று
முன்னொரு காலத்தில் ஒதுக்கிய மருந்து.
கேட்கும் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது.
தினமும் அழுகினதை வெட்டிக் கழுவினார்கள்.
எட்டு மணிக்கொரு தரம் ஊசி.
விடிந்ததும் அவள் ரத்தம் என்னிடம் வரும்,
கிரியேட்டினின் பார்க்க.
பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி ஆறு வந்த அன்று
டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார்,
கட்டில் தலைமாட்டில் தன் கையால் எழுதி ஒட்டினார்:
கை கழுவாமல் தொடாதீர்கள்.
"இதுவும் மருந்துதான்" என்றார்,
யாரும் கேட்காமலே.

பதினேழாம் நாள் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின.
பாதம் தங்கியது.

வீட்டுக்குப் போகிற அன்று
லேப் வாசலுக்கு நொண்டி நொண்டி வந்தாள்.
"என்னைத் தின்னதக் காட்டுங்க."
அது எப்போதோ ஆட்டோகிளேவில் வெந்து
குப்பைக்குப் போயிருந்தது.
வெறும் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
"இது என்ன, கஞ்சி உறைஞ்ச மாதிரி?"
"அகர். கடல்பாசியில எடுக்கிறது."
"எந்தப் பாசி?"
"மரிக்கொழுந்துல எடுப்பாங்க."

தட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.
கடல் வாசம் ஒன்றும் இல்லை போலும்.
"எங்க பாசியில வச்சுத்தான்
எம் புண்ண வளத்தீங்களாக்கும்."
பிறகு கேட்டாள்,
"நீங்க என்ன வெலைக்கு வாங்குறீங்க?"
அரைக் கிலோ டப்பாவைத் திருப்பி விலையைப் படித்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம்.
"எங்களுக்குக் காய்ஞ்சது கிலோ எம்பது" என்று சொல்லிவிட்டு
தட்டை மேசையில் மெல்ல வைத்தாள்,
கவிழ்ந்துவிடாதபடி.

அவள் போன பிறகு
பதினாலாம் கட்டிலின் தட்டை எடுத்தேன்,
அவள் கட்டிலுக்கு அடுத்தது.
பதினொரு வட்டுகளில் ஒன்றும் இல்லை.
பன்னிரண்டாவதைச் சுற்றி
மெல்லிசாய், இருக்கிறதா இல்லையா என்று
ஏதோ ஒன்று.

ஸ்கேலைத் தேடினேன்.