இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி

அந்த இடம் வரும்போது பேசாதே என்று
முன்கூட்டியே சொல்லித்தான் போட்டேன்.
ஓவுலு நகரம், அதிகாலை மூன்று மணி,
மைனஸ் இருபத்தாறு.
பனி தள்ளும் வண்டிகள் இரண்டும்
டிப்போ வாசலில் உறுமிக்கொண்டிருக்க
என் கேபினுக்குள் உர்ஹோ,
கையில் பாதி கடித்த ஏலக்காய் பன்.

யாருக்கும் தெரியாத பாட்டு அது.
கெமியில் நாலு பேர்
அணைத்து வைத்த சௌனா அறைக்குள்
மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது.
'மூன்றாம் மாடி நாய்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு
ஒரே ஆல்பம் போட்டுவிட்டு
ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.
இதுவரை ஓடியது முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.
அதில் இருநூறாவது என் புண்ணியம்.

இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடியில்
டிரம்மர் கைநழுவி ஒரு குச்சியை விடுகிறான்.
டக், டடக், டக்.
உருண்டு போகிறது.
யாரோ மூக்கால் சிரிக்கிறார்கள்.
பாட்டு நிற்பதில்லை,
மிச்சமிருக்கும் ஒற்றைக் குச்சியோடு
நொண்டி நொண்டி ஓடிக்
கடைசி வரியைப் பிடித்துவிடுகிறது.
அதை வெட்டி எறியாமல் விட்டார்களே,
அதற்காகவே நாலு பேரையும்
கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும் எனக்கு.

அன்று நான் பாட்டைக் கேட்கவில்லை.
உர்ஹோவின் முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
புருவம் அசைகிறதா.
மெல்லுவது நிற்கிறதா.
இரண்டு முப்பத்தைந்து.
இரண்டு முப்பத்தெட்டு.
"உன் இடது பிளேடுல ஒரு போல்ட் ஆடுது, பாத்தியா?"

குச்சி விழுந்தது. உருண்டது.
செவிடன் காதில் ஊதியிருந்தால்
சங்காவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு இது புதிதில்லை.
என் தங்கை இர்மெலி இதே இடத்தில்
பாதாம் பால் தீர்ந்துவிட்டதென்றாள்.
தோர்ஸ்தி என்றொருவன்,
கிட்டத்தட்டக் கல்யாணம் வரை வந்தவன்,
"சமைக்கும்போது ஓட விடலாம்" என்றான்.
கிட்டத்தட்ட என்பதற்கு அதுதான் காரணம்.

"இப்ப என்னோடது" என்று இறங்கிப் போனான் உர்ஹோ.
தன் வண்டியிலிருந்து
வயர்லெஸ்ஸைப் பாட்டின் வாயருகே பிடித்தான்.
ஐயோ, அதுவா.
சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டி வரிசையில்
ஆயிரம் தடவை என்னைத் துரத்திய பாட்டு.
ஜிகினா குரல்.
கைத்தட்டல்கூட மெஷின் தட்டியது.
"பாலத்துக்கு மேல போனதும் சுருதி ஏறும்.
அப்ப வேகத்தைக் கூட்டு" என்றான்.

பாலம் வந்தது.
முன்னால் அவன், பின்னால் நான், ஒரு பக்கம் தள்ளி.
சுருதி ஒரு படி ஏறியது.
மலிவான தந்திரம்தான்,
ஊரே ஏறித் தேய்ந்த படிக்கட்டுதான்,
ஆனால் மிதித்தேன்.
இரண்டு பிளேடிலிருந்தும் பனி
வில்லாக எழுந்து
தெருவிளக்கின் ஆரஞ்சுக்குள் போனது.
ஆற்றின் மீது விழும்வரை நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னே?" என்றது வயர்லெஸ்.
"போல்ட் ஆடுதுன்னேன்."

பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று.
மார்ச்சில், கூரைகள் சொட்டத் தொடங்கிய ஓர் இரவில்,
வயர்லெஸ் உயிர் பெற்றது.
பேச்சில்லை.
பிளாஸ்க்கின் மேல் கரண்டி:
டக், டடக், டக்.
அப்புறம் மூக்கால் ஒரு சிரிப்பு,
கொஞ்சம் தாமதமாக.

வண்டியை ஓரம் கட்டி எண்ணிக்கையைப் பார்த்தேன்.
முந்நூற்று நாற்பத்தேழு.
என் கணக்கில் ஒன்பதுதான் கூடியிருக்கிறது.

இன்று சாயங்காலம் குளிர்பெட்டி வரிசையில்
பட்டாணிப் பை விரலில் ஒட்ட நிற்கிறேன்.
மேலே ஸ்பீக்கரில் அதே ஜிகினா.
கொஞ்சம் நகருங்க என்கிறார் தள்ளுவண்டிக்காரர்.
இருங்க,
இதோ வரப்போகுது.